ஃபிஷ் ரிசல்ட் வரட்டும், ஆபரேஷன் காத்திருக்கும்

கேள்வி: அம்மாவுக்கு 51 வயது. இடது மார்பில் 3.2 செ.மீ. கட்டி, அக்குளில் ஒரு நெறிக்கட்டி. பயாப்ஸியில் கேன்சர் என்று உறுதியாகிவிட்டது. ரிப்போர்ட்டில் ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 மட்டும் '2+, ஈக்விவோக்கல், ஃபிஷ் செய்யவும்' என்று இருக்கிறது. ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் வேகமாகப் பரவும், ரொம்ப நாள் தாங்காது என்று இணையத்தில் படித்தேன். அதனால் அந்த டெஸ்டை எடுக்கவே பயமாக இருக்கிறது. ரிப்போர்ட் வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. 2+ என்றால் இரண்டாம் ஸ்டேஜா? சி.ஏ. 15-3 ரத்தப் பரிசோதனை நார்மல். அப்படியானால் கேன்சர் இல்லாமல் இருக்குமோ? ஊசி குத்தியதால் பரவியிருக்குமா? சர்க்கரையை நிறுத்த வேண்டுமா? முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுத்துவருகிறோம். வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். 'முதலில் கட்டியை எடுத்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம்' என்கிறார் மாமா. எனக்கு 26 வயது. பயந்துபோய் நானும் ஒரு லேபில் மார்க்கர் டெஸ்ட் எடுத்தேன். சி.ஏ. 125 அளவு 48. 35-க்குள் இருக்க வேண்டுமாம். அன்று மாதவிலக்கின் இரண்டாம் நாள், வழக்கம்போலக் கடும் வலி. எனக்கும் வந்துவிட்டதா? அம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை.

வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

வியாழக்கிழமைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளைக் காலையில் பயாப்ஸி பார்த்த லேபுக்குப் போய், அம்மாவின் பிளாக்கைக் கேளுங்கள். ஊசியில் எடுத்த சதையை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக வைத்திருப்பார்கள், அதுதான் பிளாக். அதிலிருந்து சீவியெடுத்துத்தான் ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனையைப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு இன்னொரு முறை ஊசி குத்த வேண்டாம், அவர் லேபுக்கு வரக்கூட வேண்டாம். பிளாக் நோயாளிக்கு உரியது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அவர்களே ஃபிஷ் செய்யும் இடத்துக்கு அனுப்பிவிடுவதும் உண்டு.

அடுத்த வேலை, ஆபரேஷன் செய்யவிருக்கும் டாக்டரிடம் நேரில் இப்படிக் கேட்பது: "ஹெர்-2 முடிவு தெரியாமல் கட்டியை எடுக்கலாமா, சார்?" அவர் பதில் சொல்லும்போது கீமோ கொடுக்கும் புற்றுநோய் மருத்துவர் ஒருவரும் உடனிருந்தால் நல்லது. அவரை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

நீங்கள் ஏழெட்டுக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பயம் ஒன்றுதான்: பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் அம்மா பிழைக்க மாட்டார் என்று நினைக்கிறீர்கள். அதனால் அந்தக் காகிதமே வராமல் இருக்கட்டும் என்று ஐந்து வாரம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். நீங்கள் படித்தது பொய் இல்லை. பழைய உண்மை.

1987-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் டென்னிஸ் ஸ்லேமன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 30 சதவீதக் கட்டிகளில் ஹெர்-2 மரபணு பலமடங்கு பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. இணையத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் பயத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1998-ல் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் உடலெங்கும் பரவிய பெண்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். 2005-ல் ஆரம்ப நிலை நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்த மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்களிடம் நோய் திரும்புவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. நான் படித்த காலத்தில் பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டு சொன்ன 'ஹெர்-2 பாசிட்டிவ்' என்ற வார்த்தையை, இன்று நோயாளியின் எதிரே உட்கார்ந்து தைரியமாகச் சொல்கிறேன். மருந்து இருக்கிறது என்பதால்.

ஹெர்-2 மரபணு உண்டாக்கும் புரதத்துக்கும் ஹெர்-2 என்றே பெயர். ஏன் இந்தப் புரதத்துக்கு மட்டும் இத்தனை மரியாதை? அது நிற்கும் இடம் அப்படி. ஹெர்-2 செல்லின் மேல்தோலில், தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. 'வளர், பிரி' என்ற கட்டளையை உள்ளே கடத்துவது அதன் வேலை. இயல்பான மார்பகச் செல்லில் சில பத்தாயிரம் ஹெர்-2 இருக்கும். மரபணு பெருகிவிட்ட புற்றுச் செல்லில் 20 லட்சம் வரை போகும். கட்டளை ஓயாமல் உள்ளே போய்க்கொண்டே இருப்பதால்தான் கட்டி வேகமாக வளர்கிறது. டிராஸ்டுசுமாப் ஓர் எதிர்ப்புப் புரதம், உருவத்தில் மிகப் பெரியது. செல்லின் சுவரைத் தாண்டி அதனால் தானாக உள்ளே நுழைய முடியாது. ஹெர்-2 வெளியில் நிற்பதால் நுழையத் தேவையும் இல்லை. வெளியிலேயே பிடித்துக்கொண்டு கட்டளையை மட்டுப்படுத்துகிறது, நம் எதிர்ப்புச் செல்களுக்கும் இவன்தான் ஆள் என்று காட்டிக்கொடுக்கிறது. நோய் எப்படிப் போகும் என்பதையும், எந்த மருந்து கேட்கும் என்பதையும் ஒரே புரதம் சொல்கிறது. இப்படிப்பட்ட அடையாளங்கள் கேன்சரில் அதிகம் இல்லை.

இனி உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த 2+. அது ஸ்டேஜ் இல்லை. சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்குப் போடும் மதிப்பெண். பேத்தாலஜிஸ்ட் சதைத் துணுக்கின் மேல் ஹெர்-2-வைத் தேடிப் பிடிக்கும் சாயத்தை ஊற்றிப் பார்க்கிறார். பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுச் செல்களைச் சுற்றி மை பேனாவால் வளையம் போட்டதுபோல அடர்ந்த பழுப்பு நிறம் முழுதாகத் தெரிந்தால் 3+, அதாவது பாசிட்டிவ். ஒன்றுமே இல்லாவிட்டாலோ அரைகுறையாகத் தெரிந்தாலோ 0 அல்லது 1+, நெகட்டிவ். வளையம் இருக்கிறது, ஆனால் வெளிறிப்போய் இருக்கிறது என்றால் 2+. 'கண்ணால் பார்த்து என்னால் முடிவு சொல்ல முடியவில்லை' என்று அவர் நேர்மையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பக்கத்திலேயே என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிவிட்டார். கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இது ஒன்றுதான்: அந்த வரியைத் தாண்டி ஆபரேஷன் தேதி வரைக்கும் போய்விட்டீர்கள்.

ஃபிஷ்ஷில் சாயத்தின் அடர்த்தியைப் பார்ப்பதில்லை, மரபணுவையே எண்ணுகிறார்கள். இருட்டில் ஒளிரும் புள்ளிகளாகச் செல்லின் கருவுக்குள் ஹெர்-2 மரபணு ஒரு நிறத்திலும், அது உட்கார்ந்திருக்கும் 17-வது குரோமோசோம் இன்னொரு நிறத்திலும் தெரியும். முதலாவது இரண்டாவதைப்போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்து, ஒரு செல்லுக்குச் சராசரியாக 4 மரபணுவுக்குக் குறையாமலும் இருந்தால் பாசிட்டிவ். 2+ வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஃபிஷ் நெகட்டிவாகவே வருகிறது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எது வந்தாலும் அம்மாவுக்கு வழி இருக்கிறது, இரண்டு வழியும் வேறு வேறு.

பாசிட்டிவ் என்று வந்தால், 3.2 செ.மீ. கட்டியும் நெறிக்கட்டியும் உள்ள ஒருவருக்கு வழக்கமாக மருந்துதான் முதலில். கீமோவுடன் டிராஸ்டுசுமாப், வசதியும் கிடைப்பும் இருந்தால் ஹெர்-2-வையே குறிவைக்கும் இன்னொரு மருந்தான பெர்டுசுமாப்பும் சில மாதங்கள் கொடுத்துவிட்டு அதன் பிறகே கத்தி வைப்பார்கள். கட்டி சுருங்கினால் மார்பகத்தை முழுதாக எடுக்காமல் விட வாய்ப்பு உண்டு. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. ஆபரேஷனில் எடுத்த சதையில் புற்று மிச்சம் இருக்கிறதா, முழுக்கக் கரைந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். மிச்சம் இருந்தால் அதற்குப் பிறகு கொடுக்கும் மருந்தை மாற்றுகிறோம். அப்படி மாற்றியவர்களிடம் நோய் திரும்பும் ஆபத்து பாதியாகக் குறைந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறோம். கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால், மருந்து அதில் வேலை செய்ததா இல்லையா என்று பார்க்கக் கட்டியே இருக்காது. 'முதலில் எடுத்துவிடுவோம்' என்று மாமா சொல்வது பாசத்தில் சொல்வது. ஆனால் இந்த நோயில், இந்த அளவுக் கட்டியில், ரிசல்ட் வருவதற்கு முன் எடுப்பது அம்மாவுக்கு ஒரு வாய்ப்பை இழக்க வைக்கலாம்.

நெகட்டிவ் என்று வந்தால் ஆபரேஷனை முதலில் செய்வது பொருத்தமாக இருக்கலாம், ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகள் பாசிட்டிவாக இருப்பதால் ஹார்மோன் மாத்திரை பல வருடம் கைகொடுக்கும். இந்த ஒன்றிரண்டு வாரக் காத்திருப்பில் நோய் கைமீறிப் போகாது. ஆனால் ஐந்து வாரத்தை ஏற்கெனவே கடத்திவிட்டீர்கள், அதனால் இனி ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். கஷாயத்துக்குக் கிடைத்த அந்த நாட்கள் ஒரு பிளாக்கை அனுப்பக் கிடைத்திருக்க வேண்டும். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஒவ்வொரு வாரமும் இப்படி ஒரு குடும்பமாவது என் முன்னால் வந்து உட்காருகிறது.

இன்னொன்று. சதை எடுத்தவுடன் பத்து சதவீத ஃபார்மலினில் போட்டார்களா என்று லேபில் கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் ஊறியிருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணின் சதையை வெறும் உப்புநீரில் போட்டு, அவர் கணவரிடமே பாட்டிலைக் கொடுத்து பஸ்ஸில் அனுப்பியிருந்தார்கள். வந்து சேர்ந்தபோது எந்தச் சாயமும் ஒட்டவில்லை. மறுபடி ஊசி குத்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். சோதனை தவறுவது பெரும்பாலும் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இல்லை, பாட்டிலுக்குள்தான்.

மற்ற கேள்விகள். ஊசி குத்தியதால் பரவாது. அந்த ஊசி இல்லாவிட்டால் நாம் இருவரும் இப்போது பேச ஹெர்-2 என்று ஒன்றே இருந்திருக்காது. சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகாது. அம்மாவுக்கு நீரிழிவு இல்லையென்றால் அவருக்குப் பிடித்ததைச் சாப்பிடட்டும், சிகிச்சைக்கு உடம்பில் தெம்பு வேண்டும். முள்சீத்தா கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். ஆய்வகக் கண்ணாடித் தட்டில் சில செல்கள் செத்ததை வைத்து மனிதருக்கு மருந்து என்று பரப்பிவிட்டார்கள். கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு அதிகம் இருந்ததை 1999-லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீமோ தொடங்கவிருக்கும் உடம்பில் இதையும் ஊற்றாதீர்கள்.

சி.ஏ. 15-3 நார்மல் என்பதால் கேன்சர் இல்லை என்று ஆகாது. அதுவும் ஒரு செல் மேற்பரப்புப் புரதத்திலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் கலக்கும் துண்டுதான். ஆரம்ப நிலையில் பலருக்கு அது உயர்வதே இல்லை. நோயைக் கண்டுபிடிக்க அதை நாங்கள் பயன்படுத்துவதில்லை. சதையைப் பார்த்துச் சொன்ன பிறகு ரத்தத்தைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

உங்கள் சி.ஏ. 125-க்கு வருகிறேன். சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது, டாக்டர் சீட்டு இல்லாமல் நீங்களாகப் போய் எடுத்தது. மாதவிலக்கின்போதே அது ஏறும். கர்ப்பப்பை நார்க்கட்டி, கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்ந்து வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் நோய், வயிற்றில் டி.பி. எல்லாவற்றிலும் ஏறும். பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சம் பெண்களிடம் இந்தப் பரிசோதனையை அடிப்படையாக வைத்து வருடக்கணக்கில் தேடிப் பார்த்தார்கள்; சினைப்பைப் புற்றுநோய்ச் சாவுகள் அதனால் குறையவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது. 26 வயதில், மாதவிலக்கு நாளில், 48 என்ற எண் எனக்கு எதையும் சொல்லவில்லை. 'வழக்கம்போலக் கடும் வலி' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது சொல்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் அந்த வலியைக் காட்டுங்கள்.

ஹெர்-2 பெருக்கம் தாயிடமிருந்து மகளுக்கு வருவதில்லை. அது கட்டிக்குள் பிற்பாடு நடப்பது. பரம்பரையாக வருவது பி.ஆர்.சி.ஏ. போன்ற மரபணுக் கோளாறுகள். அதற்கு வேறு பரிசோதனை, அதையும் அம்மாவுக்குத்தான் முதலில் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு அது தேவையா என்று அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் தாமதத்தில் அதற்கும் பங்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன். டிராஸ்டுசுமாப் ஒரு காலத்தில் சொத்தை விற்க வைத்த மருந்து. 2014-ல் இந்தியாவிலேயே தயாரான அதன் ஒப்புமருந்து சந்தைக்கு வந்தது, பிறகு பல நிறுவனங்கள் வந்தன, விலை இறங்கியது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் அதற்கான கவுன்டரில் முதலில் விசாரியுங்கள். கைக்காசைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்பதில் பயனில்லை.

மருந்து தொடங்குவதானால் அதற்கு முன் எக்கோ எடுத்து இதயத்தின் பலத்தைப் பார்ப்பார்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்று அம்மா சொன்னால் அடுத்த எக்கோ தேதி வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள். பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் இதயம் பழைய பலத்துக்குத் திரும்பிவிடும்.

இதனால்தான் அம்மாவிடம் இன்று இரவே சொல்ல வேண்டும் என்கிறேன். ஒரு வருடம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அவர் கையில் அந்த மருந்து ஏறப்போகலாம். மூச்சு வாங்குவதை வெயில் என்று நினைத்து அவர் உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டால், வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது.