அரண் அமைத்த குன்றைக் காலாட்படை கொண்டு பிடிப்பது எப்படி?

கேள்வி: வரலாற்றுப் போர் விளையாட்டுகளில் அரணுள்ள குன்றின்மீது காலாட்படையை ஏவினால், பாதிச் சரிவிலேயே என் படை அழிந்துபோகிறது. ஆள்பலம் இருந்தும் ஏன் தோற்கிறேன்?

எதிரியிடம் எத்தனை பேர் என்று எண்ணுகிறீர்கள். எத்தனை வேட்டு மிச்சம் என்று எண்ணுவதில்லை என நினைக்கிறேன். நானும் வெகுநாள் அப்படித்தான் ஆடினேன். அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படைக்கும் அமெரிக்கக் குடியேற்றப் படைக்கும் நடந்த பங்கர் ஹில் சண்டையைத் திரும்பத் திரும்ப ஆடிய பிறகுதான் கண் திறந்தது.

1775 ஜூன் 17, பாஸ்டனுக்கு எதிர்க்கரையில் சார்ல்ஸ்டவுன் தீபகற்பம். முந்தின இரவு குடியேற்றப் படையின் கர்னல் வில்லியம் பிரெஸ்காட்டின் ஆட்கள் விடிவதற்குள் மண் அரண் ஒன்றை எழுப்பிவிட்டார்கள். பக்கத்துக்கு ஏறக்குறைய 40 மீட்டர். சண்டைக்குப் பங்கர் ஹில் என்று பெயர் நிலைத்துவிட்டாலும், அரண் நின்றது அதற்கு முன்னால் இருக்கும் பிரீட்ஸ் ஹில்லில். பிரிட்டிஷ் தாக்குதலை நடத்தியவர் ஜெனரல் வில்லியம் ஹோவ்.

எங்கள் வீட்டில் சார்ட் தாளில் அறுகோணக் கட்டம் வரைந்து, விதிகளையும் நாங்களே எழுதி ஆடுகிறோம். குன்றைக் காப்பவன் தம்பி, ஏறுபவன் நான். அவன் கைப்பக்கம் மூடியிட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று இருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் எனக்குக் காட்டாமல் பகடை உருட்டி, விழுந்த எண்ணோடு மூன்றைக் கூட்டி, அத்தனை புளியங்கொட்டைகளை அதில் போட்டுக்கொள்வான். அதுதான் அவனுடைய வெடிமருந்து. வரிசை முழுவதும் ஒருசேரச் சுடும்போதெல்லாம் ஒரு கொட்டை வெளியே வரவேண்டும். செலவானது என் கண்ணுக்குத் தெரியும், மிச்சம் தெரியாது. இந்த ஒரு விதியைச் சேர்த்த அன்றே ஆட்டம் வேறாகிவிட்டது.

சுற்றி வளைத்தால் போதுமே என்று தோன்றும். ஹோவுக்கும் அதுதான் முதலில் தோன்றியது. மிஸ்டிக் ஆற்றங்கரை மணலோரமாக இலகு காலாட்படையை அனுப்பினார். ஆனால் ஜான் ஸ்டார்க்கின் நியூ ஹாம்ப்ஷயர் ஆட்கள் அங்கே கல்லடுக்கிச் சுவர் போட்டுக் காத்திருந்தார்கள். கரை குறுகல். முன்வரிசை விழுந்தால் பின்னால் வருகிறவர்களால் பரவவும் முடியாது, சுடவும் முடியாது. எங்கள் தாளில் அது ஒரே கட்ட அகலம்; மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதே இடத்தில் தோற்றிருக்கிறேன்.

நேர்ச் சரிவுக்கு வருவோம். அங்கே உயரமான புல், இடையிடையே வேலிகள். வேலி தாண்டும்போதெல்லாம் வரிசை குலையும். எங்கள் விதிப்படி காயைத் திருப்பிக் ‘குலைந்த’ பக்கம் வைக்கவேண்டும். அப்படிக் குலைந்த காயோடு நின்று பதிலுக்குச் சுடுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. அன்று பிரிட்டிஷ் வீரர்கள் செய்ததும் அதுவே. நிற்காமல் பயனெட்டோடு (துப்பாக்கி முனைக் கத்தி) பாய வேண்டியவர்கள் வெட்டவெளியில் நின்று சுட்டார்கள். எதிரே மண்சுவருக்கு மேல் தலை மட்டும்தான் தெரியும். குண்டுகளில் பெரும்பாலானவை வீணாகத்தான் போகும். எனவே துப்பாக்கி எட்டாத தூரத்திலேயே ஒரு சுற்று நின்று வரிசையைச் சரிசெய்யுங்கள். அதன்பின் அரணைத் தொடும்வரை நிற்காதீர்கள்.

பீரங்கியையும் மறக்கவேண்டாம். அன்று ஆறு பவுண்டு குண்டு போடும் பீரங்கிகளுக்கு, அவற்றில் நுழையாத பன்னிரண்டு பவுண்டு குண்டுகளை அனுப்பிவிட்டார்கள்! இரண்டு தாக்குதல்கள் முறிந்த பின்னர், மூன்றாவது தாக்குதலின்போது பீரங்கிகளைப் பக்கவாட்டில் கொண்டுபோய், அரணை ஒட்டிய மண்தடுப்பின் நீளவாக்கில் சிதறுகுண்டு வீசினார்கள். அந்த முறை முதுகுமூட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பலத்தை அரண்மீதே குவித்து ஏறினார்கள். உள்ளே பிரெஸ்காட்டின் ஆட்களுக்கு வெடிமருந்து தீர்ந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த பீரங்கித் தோட்டாக்களைப் பிரித்து அந்த மருந்தையும் பங்கிட்டுக்கொண்டார்கள். அதுவும் தீர்ந்தது. அவர்களில் பலரிடம் பயனெட் கிடையாது. துப்பாக்கிக் கட்டையாலும் கல்லாலும் அடித்தார்கள். அரண் விழுந்தது. குடியேற்றப் படையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பின்வாங்கும்போதுதான் இறந்தார்கள்.

பிரிட்டிஷ் தரப்பில் 226 பேர் இறந்து, 828 பேர் காயப்பட்டார்கள். எதிர்த்தரப்பில் இறந்தவர்கள், காயப்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் எல்லாம் சேர்த்தே சுமார் 450 பேர். முதல் இரண்டு ஏற்றங்கள்தான் எதிரியின் மருந்தைத் தீர்த்தன என்று விளையாட்டுக் கணக்கில் சொல்லலாம்; எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. அதனால்தான் இப்போதெல்லாம் முழுப் படையையும் ஏற்றுவதில்லை. ஓரிரு காய்களைத் தளர்ந்த வரிசையில் முன்னே விட்டு, தம்பியைச் சுடத் தூண்டுகிறேன். பதற்றத்தில் அவன் தொலைவிலேயே சுட்டுவிட்டால் ஒரு கொட்டை எனக்கு மலிவாகக் கிடைக்கிறது. நிதானமாக இருந்தால் கஷ்டம்தான். போன வாரம் அரணுக்குள் நுழைந்தபோது டப்பாவில் ஒரு கொட்டை மிச்சமிருந்தது. என் பதினாறு காய்களில் ஒன்பது தாளுக்கு வெளியே கிடந்தன.

இன்னொன்று: ஏறுவதற்கு முன் குன்றின் பின்பக்கத்தைப் பாருங்கள். தீபகற்பத்தை நிலத்தோடு இணைப்பது ஒரு குறுகிய கழுத்துப் பகுதி. அதன் அருகே படையை இறக்கி, குன்றில் இருப்பவர்களின் வழியை அடைத்துவிடலாம் என்று ஜெனரல் ஹென்றி கிளின்டன் அன்று காலையிலேயே சொன்னார். மற்றவர்கள் ஏற்கவில்லை. எங்கள் தாளில் அந்தக் கழுத்து இரண்டே கட்டம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் படகுகள் அங்கேதான் போகின்றன.