துப்புக்கூலி கொடுக்கலாமா?

கேள்வி: சிறுமலையில் மூன்று ஏக்கர் தோட்டம் வைத்திருக்கிறேன். எலுமிச்சை, மலைவாழை, ஊடே கொஞ்சம் மிளகு. ஜீப் வராத பாதை என்பதால் ரோடு வரைக்கும் குதிரையில்தான் சுமை இறக்குகிறேன். இருந்த இரண்டு குதிரைகளில் செவலைப் பெண்குதிரை ஒன்பது நாளுக்கு முன் இரவில் காணாமல் போய்விட்டது. முன்கால்களில் தளை போட்டு வீட்டுக்குக் கீழே பலா மரத்தடியில் மேய விட்டிருந்தேன். காலையில் தளைக்கயிறு மட்டும் கிடந்தது. நான்கு வருடத்துக்கு முன் தரகர் ஒருவர் மூலம் 35,000 ரூபாய்க்கு வாங்கியது, ரசீது இல்லை. இப்போது அடிவாரத்தில் ஒருவர், 12,000 ரூபாய் கொடுத்தால் மூன்று நாளில் குதிரை வந்து சேரும், போலீசுக்குப் போனால் வராது என்று சொல்லி அனுப்புகிறார். கொடுக்கலாமா? மிச்சமிருக்கும் குதிரைக்கு ஜி.பி.எஸ். பட்டை வாங்கலாமா? அது சரியாகத் தீனி எடுக்காமல் கனைத்துக்கொண்டே இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிறுமலை

பதில்: கொடுக்காதீர்கள். மதுரைச் சீமையில் இதற்குத் துப்புக்கூலி என்று பெயர். மாடு திருட்டுப் போனால் துப்புச் சொல்பவனுக்குக் கூலி கொடுத்து மீட்டுக்கொள்வது நம் தாத்தாக்களுக்குப் பழகிய வழி. மாட்டைக் கொண்டு போனவனும் துப்புக் கொண்டு வந்தவனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். இன்றைய சட்டத்தில், பாரதிய நியாய சன்ஹிதாவின் 252ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. திருடனைப் பிடித்துக் கொடுக்கத் தன்னாலான எல்லாவற்றையும் செய்யாமல், பொருளை மீட்டுத் தருகிறேன் என்று பணம் வாங்குபவனுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. அந்த ஆளிடம் சண்டைக்குப் போக வேண்டாம். என்ன சொன்னார், யார் மூலம் சொன்னார், எந்த எண்ணிலிருந்து பேசினார் என்பதைப் புகாரில் எழுதுங்கள். உங்களிடம் இருக்கும் உருப்படியான துப்பு அவர் ஒருவர்தான்.

ஒன்பது நாள் புகார் கொடுக்காமல் இருந்தது தப்பு. இன்றே போங்கள். தளைக்கயிற்றை எடுத்துப் போங்கள். தேய்ந்து அறுந்த கயிறு என்றால் முனையில் நார் பிரிந்து துடைப்பம் போல விரிந்திருக்கும். கத்தி பட்டது என்றால் மட்டமாக இருக்கும். ‘குதிரை தானாக எங்காவது போயிருக்கும்’ என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தால் அந்த முனையைக் காட்டுங்கள். புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. குதிரையின் மதிப்பை எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிடுங்கள். 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடியவன் முதல் முறை மாட்டி, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையோடு முடிந்துவிடும். ‘ஒரு மட்டக்குதிரை’ என்று மொட்டையாக எழுதி அந்த வாசலை நீங்களே திறந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டது இவ்வளவுதான். கேட்டிருக்க வேண்டியது வேறு. நாளைக்கே அடிவாரத்தில் ஒரு செவலைக் குதிரை பிடிபட்டால், அது உங்களுடையது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? ரசீது இல்லை. உங்கள் மாட்டின் காதில் 12 இலக்க மஞ்சள் வில்லை தொங்கும். குதிரையின் காதில் ஒன்றும் இல்லை. ‘பார்த்தாலே தெரியும் சார்’ என்பீர்கள். எதிராளியும் அதையேதான் சொல்வான்.

பல வருடங்களுக்கு முன், நான் கால்நடை மருத்துவராகப் பணியில் இருந்தபோது, ஒரு குதிரையை இரண்டு பேர் சொந்தம் கொண்டாடிய வழக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். காவல் நிலையத்து வேப்பமரத்தில் குதிரை கட்டியிருந்தது. ஒருவர் கைபேசியில் பத்துப் பன்னிரண்டு படம் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் குதிரைக்கு முன்னால் அவரே நின்றார். நெற்றியைக் கடிவாளப் பட்டையும் குஞ்சமும் மூடியிருந்தன. மற்றவரிடம் படமே இல்லை. குதிரையைப் பார்க்காமல் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னார்: “நெற்றிச் சுழி வலக்கண் பக்கம் ஒதுங்கியிருக்கும். இடது கழுத்தில், பிடரிக்கு நாலு விரல் கீழே, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுழி.” பிடரி மயிரைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. முதல் ஆள் டீ குடிக்கப் போகிறேன் என்று போனவர்தான்.

குதிரை வாங்கும்போது ‘சுழி சுத்தமா?’ என்று கேட்காத ஆள் நம் ஊரில் இல்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் கத்தியவார், மார்வாரி இனக் குதிரைகள் வரிசையாக நிற்கும். வாங்க வருகிறவர் முதலில் சுழியைத்தான் தடவுவார். இந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது, அந்தச் சுழி செல்வம் சேர்க்கும் என்று சொல்லியே தரகர்கள் ஐயாயிரம் ஏற்றுவார்கள், பத்தாயிரம் இறக்குவார்கள். முப்பது வருடம் குதிரை பார்த்தவன் சொல்கிறேன்: சுழியால் யாரும் கெட்டதுமில்லை, வாழ்ந்ததுமில்லை. ஆனால் சுழி மாறாது. குட்டியில் எங்கே இருந்ததோ அங்கேதான் சாகும்வரை இருக்கும். திருடன் நெற்றி வெள்ளைக்குச் சாயம் பூசலாம், பிடரியைக் கத்தரிக்கலாம், வாலைக் குறைக்கலாம். சுழியை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. வெளிநாடுகளில் குதிரைக்குக் கொடுக்கும் அடையாளப் புத்தகத்தில் குதிரைப் படம் ஒன்றை அச்சிட்டு அதில் சுழிகளைக் குறித்து வைக்கிறார்கள். நம்மவர்களுக்குச் சுழி பார்க்கும் கண் இருக்கிறது. அதை ஜோசியத்துக்கே செலவழித்துவிடுகிறார்கள்.

காலிலும் ஒன்று உண்டு. முன்னங்காலின் உட்புறத்தில், முழங்காலுக்கு மேலே, மயிர் இல்லாமல் காய்த்துப் போனது போல ஒரு தடிப்பு இருக்கும். அதன் வடிவம் ஒரு குதிரைக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. சேணம் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். நெற்றி, கழுத்து, இந்தத் தடிப்பு ஆகியவற்றைக் கிட்டத்தில் தனித்தனியாக எடுங்கள். குதிரையோடு நீங்கள் நிற்கும் படம் கல்யாண ஆல்பத்துக்கு ஆகும், வழக்குக்கு ஆகாது. போன குதிரைக்கும் இந்த விவரங்களை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிப் புகாரோடு இணையுங்கள். விற்ற தரகரைத் தேடிப் பிடித்து ஒரு எழுத்து வாங்குங்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசத் தெரிந்தவருக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போடவும் தெரிய வேண்டும். அதற்கு மறுக்கிற தரகரிடம் இனி குதிரை வாங்காதீர்கள்.

ஜி.பி.எஸ். பட்டைக்கு சிம் வேண்டும், சார்ஜ் வேண்டும், சிக்னல் வேண்டும். உங்கள் தோட்டத்தில் முதலில் போனை எடுத்து எத்தனை கோடு காட்டுகிறது என்று பாருங்கள். தளையை அறுத்தவனுக்குப் பட்டையை அறுக்க எவ்வளவு நேரமாகும்? மைக்ரோசிப் வேறு விஷயம். அரிசி மணி அளவு, 15 இலக்க எண், இடது கழுத்தில் மருத்துவர் ஊசியால் செலுத்துவார். அது குதிரை எங்கே நிற்கிறது என்று காட்டாது. யாருடையது என்று சொல்லும், அதுவும் எண்ணைப் படிக்கும் கருவியைக் கிட்டத்தில் பிடித்தால்தான். சிப் போட்டால் போனில் மேப் தெரியும் என்று விற்பவன் பொய் சொல்கிறான்.

தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். லாடம் அடிப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். பொதி சுமந்து பழகிய குதிரையைப் பொதிக்குத்தான் விற்பார்கள்: கொடைக்கானல் கீழ்மலை, பெரியகுளத்துக்கு மேலே அகமலை, இப்படி. எங்கே போனாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் குளம்பு வளர்ந்து லாடம் மாற்ற வேண்டியிருக்கும். குதிரை முகத்தை மறந்தாலும் லாடக்காரர் குளம்பை மறக்கமாட்டார். அடிவாரச் சோதனைச்சாவடியிலும் அந்த இரவு ஏதாவது வண்டி இறங்கியதா என்று போலீசை விசாரிக்கச் சொல்லுங்கள். வாடிப்பட்டிப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதைகளை நீங்களே பாருங்கள்.

குதிரை திரும்பி வந்தால் சந்தோஷத்தில் கொள்ளும் தவிடும் அள்ளி வைக்காதீர்கள். காய்ந்த வயிற்றில் தானியம் விழுந்தால் வயிற்றுவலி, குளம்பு வீக்கம் என்று போய், மீட்ட குதிரையை இழப்பீர்கள். முதல் சில நாள் புல், தண்ணீர், சிறுகச் சிறுக. காயம் இருந்தால் அன்றே டெட்டனஸ் ஊசி. எந்தெந்தக் குதிரையோடு நின்றதோ தெரியாது. மூன்று வாரம் தனியே கட்டி, கிளாண்டர்ஸ் (Glanders) என்ற குதிரைத் தொற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அது மனிதருக்கும் தொற்றும்.

மிச்சமிருக்கும் குதிரை கனைப்பது ஜோடி இல்லாததால். பக்கத்துத் தோட்டத்துக் குதிரை கண்ணில் படும்படி கட்டுங்கள். முடியாவிட்டால் ஒரு ஆடாவது கூட இருக்கட்டும். ஆனால் ஒன்பது நாளாகத் தீனி குறைந்தது ஏக்கம்தான் என்று முடிவு கட்டிவிடாமல் மருத்துவரிடம் பல்லையும் வயிற்றையும் காட்டுங்கள். இரண்டு குதிரைச் சுமையை அதன் மேல் ஏற்றாதீர்கள். பொதி விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965ஆம் ஆண்டு விதி மட்டக்குதிரைக்கு 70 கிலோதான் அனுமதிக்கிறது. எலுமிச்சை இரண்டு நடையாக இறங்கட்டும். இரவில் வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டுங்கள். படங்களை எடுத்து எனக்கு அனுப்புங்கள். சுழிகளைக் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். கழுத்துப் படம் எடுக்கும்போது பிடரி மயிரை இன்னொருவர் தூக்கிப் பிடித்துக்கொள்ளட்டும்.