யானைக்கால் புழு: வந்த கேள்விகளும் என் பதில்களும்

இருபத்தெட்டு வருடம் யானைக்கால் புழுவோடும் அதைச் சுமக்கும் கொசுவோடும் குடித்தனம் நடத்தியவள் நான். சம்பளம் புதுச்சேரியில், பாதி வேலை கடலூர்ப் பக்கத்து ஊர்களில். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்தவற்றில் சில இவை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: மேடம், ரத்தம் எடுக்க ஏன் ராத்திரியில் வருகிறார்கள்? பகலில் எடுத்தால் ஆகாதா?

ஆகாது. இந்தப் புழுவின் குஞ்சுகளை மைக்ரோஃபைலேரியா என்போம். பகலெல்லாம் அவை நுரையீரல் ரத்தக்குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். ராத்திரியில்தான் விரல் நுனி ரத்தம் வரைக்கும் வரும், நள்ளிரவை ஒட்டி அதிகம். நம் ஊர்ச் சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ் கடிக்க வருவதும் அதே நேரத்தில்தான். அதனால் நாங்களும் அந்த நேரத்தில்தான் கதவைத் தட்டினோம். "திருடனாவது சத்தம் போடாம வருவான்" என்று தேவனாம்பட்டினத்தில் ஒரு பாட்டி திட்டிக்கொண்டேதான் விரலை நீட்டினார்.

அரியாங்குப்பத்திலிருந்து: ஒரு கொசு கடித்தாலே யானைக்கால் வந்துவிடுமா?

வராது. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் பல்கிப் பெருகும், இது பெருகாது. கொசு பத்துக் குஞ்சை விழுங்கினால் அதிகபட்சம் பத்துதான் தேறும். அதுவும் கொசுவின் பறக்கும் தசைக்குள் போய், தோல் உரித்து வளர்ந்து, கடிக்கும் குழாய்க்கு வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் பெரும்பாலான கொசுக்களின் ஆயுள் முடிந்துவிடும். மிஞ்சிய கொசு கடித்தாலும் புழு நேராக ரத்தத்தில் இறங்குவதில்லை. தோல்மேல் விழுந்து, கடித்த துளையைத் தேடி நுழைய வேண்டும். வருடக்கணக்கில் கடிபட்டவர்களுக்குத்தான் நோய் வருகிறது.

இதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். விடிகாலையில் கொடியில் தொங்கும் சட்டைகளில் உட்கார்ந்திருக்கும் கொசுவைக் குழாயால் உறிஞ்சிப் பிடிப்போம். கண்ணாடியில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, இரண்டு ஊசியால் தலை, மார்பு, வயிறு என்று பிரிப்போம். நூறு கொசு அறுத்தும் ஒன்றும் கிடைக்காத நாள் உண்டு. திடீரென்று ஒரு தலையிலிருந்து வெள்ளை நூல் ஒன்று நெளிந்து வெளியே நீந்தும். முதல் தடவை பார்த்தபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

லாஸ்பேட்டையிலிருந்து: கொசுதான் காரணம் என்று கண்டுபிடித்தது ரொனால்டு ராஸ் தானே?

அது மலேரியாவுக்கு, 1897-இல், செகந்திராபாத்தில். அதற்கு இருபது வருடம் முன்பே, 1877-இல், சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர், யானைக்கால் புழு கொசுவுக்குள் வளர்வதைப் பார்த்துவிட்டார். ஆனால் கொசு தண்ணீரில் செத்து விழ, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குப் புழு போகிறது என்று நினைத்தார். பெரிய ஆளுக்கும் சறுக்கும்.

நெல்லித்தோப்பிலிருந்து: உங்களுக்குச் சறுக்கியதுண்டா?

ஏன் இல்லை! ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று ராத்திரி எடுத்த ரத்தப் பூச்சு ஸ்லைடுகளைச் சாயமேற்றாமல் மேசையில் காயவைத்துவிட்டுப் போனேன். காலையில் பார்த்தால் வெறும் கண்ணாடி. எறும்பு வழித்துத் தின்றிருந்தது. மறுபடி அதே வீடுகளுக்குப் போய் அதே ஆட்களின் தூக்கத்தைக் கெடுத்தேன். அன்றிலிருந்து மேசைக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன்.

பாகூரிலிருந்து: நன்றாக இருக்கிற எனக்கு எதற்கு மாத்திரை?

ரத்தத்தில் குஞ்சு ஓடுகிற பலர் உங்களைப் போலத்தான் நன்றாக இருப்பார்கள். கொசு அவர்களிடமிருந்துதான் எடுத்துப் போகிறது. கால் வீங்கியவர் ரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சே இருக்காது. டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற இரண்டு மாத்திரைகளும் குஞ்சுகளைக் கொல்லும், தாய்ப்புழு எல்லாம் சாகாது. அது ஐந்தாறு வருடம் வாழும். அதனால்தான் நோய் பரவும் ஊர்களில் வருடா வருடம் கொடுக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு போடுங்கள். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் வேண்டாம். லேசாகக் காய்ச்சல் வந்தால் குஞ்சுகள் சாகின்றன என்று அர்த்தம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: அம்மாவுக்குக் கால் வீங்கியே இருக்கிறது. அடிக்கடி நெறி கட்டிக் காய்ச்சல் வருகிறது. மாத்திரையில் சரியாகுமா?

பழைய வீக்கம் மாத்திரையில் வடியாது. ஆனால் அந்தக் காய்ச்சலைப் பெருமளவு தடுக்கலாம். விரலிடுக்குப் புண் வழியாக நுழையும் பாக்டீரியாதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். தினமும் சோப்புப் போட்டு, தேய்க்காமல் கழுவி, விரலிடுக்கை ஈரம் போக ஒற்றி எடுங்கள். சேற்றுப்புண்ணுக்கு மருந்து போடுங்கள். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். காய்ச்சல் வந்த நாளில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து: வீட்டில் என்ன செய்யலாம்?

செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் வலை கட்டுங்கள். பத்து ரூபாய் வேலை, யாரும் செய்வதில்லை.

கடலூர் முதுநகரிலிருந்து: மகள் விலங்கியல் படிக்கிறாள். இந்தத் துறைக்கு வரலாமா?

தாராளமாக. 1975-இல் தொடங்கிய நோய்க்கடத்தி (கொசு போல நோயைச் சுமக்கும் பூச்சி) கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் புதுச்சேரி இந்திரா நகரில்தான் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. படிப்பும் அங்கே உண்டு. மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து இரண்டு மணி நேரம் உட்கார முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ராத்திரி வேலைக்கு வீட்டில் மறுத்தால் சொல்லுங்கள், நானே வந்து பேசுகிறேன்.