சோதனையில் 'இல்லை' என்று வந்தால் நோய் இல்லையா?

கேள்வி: சென்னிமலையில் தறி நெய்யும் என் அப்பாவுக்கு வெள்ளையணுக்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. மஜ்ஜைப் பரிசோதனையில் பிலடெல்பியா குரோமோசோம் இருப்பதாகவும், நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்றும் சொன்னார்கள். ஆனால், மாத்திரை தொடங்கும் முன்பே, நோய்க்குரிய மரபணு இணைப்பைத் தேட எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையில் 'பி.சி.ஆர்.-ஏ.பி.எல். காணப்படவில்லை' என்று வந்திருக்கிறது. எதை நம்புவது, டாக்டர்?
— வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: இரண்டு அறிக்கைகளுமே சரியாக இருக்கலாம், அம்மா. மாத்திரை வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள்.

இந்த நோயில் 9ஆம் குரோமோசோமில் உள்ள ஏ.பி.எல். மரபணு முறிந்து, 22ஆம் குரோமோசோமில் உள்ள பி.சி.ஆர். மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த இணைப்புதான் பி.சி.ஆர்.-ஏ.பி.எல்.; அதைத் தாங்கிய 22ஆம் குரோமோசோம்தான் பிலடெல்பியா குரோமோசோம். (சோதனையின் பெயரிலும் 'பி.சி.ஆர்.' வருவது தமிழ் எழுத்தில் நேரும் ஒற்றுமைதான், இரண்டும் வேறு.) அப்பாவின் தறியில் அறுந்த பாவு இழையை முடிச்சுப் போட்டு இணைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த மரபணு முடிச்சு ஈ13ஏ2, ஈ14ஏ2 என்ற இரண்டு இடங்களில் ஒன்றில்தான் விழும். வழக்கமான ஆர்.டி.பி.சி.ஆர். அந்த இடங்களை மட்டுமே தேடும்படி அமைக்கப்பட்டிருப்பதால், ஈ1ஏ2, ஈ19ஏ2, ஈ13ஏ3, ஈ14ஏ3 போன்ற அரிய வகையாக முடிச்சு வேறிடத்தில் விழுந்திருந்தால், நோய் முழு வேகத்தில் இருக்கும்போதும் 'காணப்படவில்லை' என்றே வரக்கூடும். குரோமோசோம் ஆய்வும், மரபணுக்களை ஒளிரவைத்துப் பார்க்கும் ஃபிஷ் சோதனையும் இணைப்பையே நேராகப் பார்ப்பதால் அவற்றுக்கு இது தப்புவதில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது இன்றைய குழப்பமல்ல, ஆறு மாதம் கழித்து வரப்போகும் குழப்பம். அப்போதும் அதே சோதனை 'காணப்படவில்லை' என்றால், நோய் அடங்கிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்துவிடுவார்கள். அதற்குள் நோய் முற்றிக்கொண்டிருக்கலாம். எனவே, பல வகைகளையும் ஒருசேரத் தேடும் மல்டிபிளெக்ஸ் பி.சி.ஆர். செய்து, அப்பாவுக்கு இருப்பது எந்த வகை என்று அறிந்துகொள்ள முடியுமா என உங்கள் ரத்தநோய் மருத்துவரிடம் கேளுங்கள். வகை தெரிந்தால் அதற்கே உரிய சோதனையால் தொடர்ந்து கண்காணிக்கலாம். அந்த வசதி கிடைக்காவிட்டால் ஃபிஷ், குரோமோசோம் ஆய்வுகளைக் கொண்டு பின்தொடரலாம். பி.சி.ஆர்.-ஏ.பி.எல். எவ்வளவு இருக்கிறது என்று அறிக்கைகளில் சர்வதேச அளவுகோலில் தரப்படும் சதவீதம் வழக்கமான வகைகளுக்கென வகுக்கப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரிய வகை என்றாலும் இமாட்டினிப் குடும்பத்து மாத்திரைகள்தான் சிகிச்சை. ஈ1ஏ2 வகையில் பலன் சற்றுக் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், அதற்கு நெருக்கமான கண்காணிப்பு தேவை. மாத்திரை தொடங்கும் முன் எடுத்த இந்த முதல் அறிக்கையைக் கோப்பின் மேலேயே வைத்திருந்து, மருத்துவமனை மாறினாலும் புதிய மருத்துவரிடம் முதலில் அதையே காட்டுங்கள்.