ஒமாஹாவின் நிறம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அமெரிக்கத் தேர்தல் பற்றிய கட்டுரையில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரை ‘ஜனநாயகக் கட்சியின் ஊர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருந்தீர்கள். 2017 முதல் 2024 இறுதி வரை வேலை நிமித்தம் அங்கே இருந்தேன். அத்தனை ஆண்டுகளும் மேயர் குடியரசுக் கட்சிக்காரர்; பிரதிநிதிகள் சபை உறுப்பினரும் அக்கட்சியே. அதிபர் தேர்தலில் மட்டும் 2020இலும் 2024இலும் ஒமாஹா அடங்கிய தொகுதி மறுபக்கம் சாய்ந்தது. அந்த மக்களை எப்படிப் புரிந்துகொள்வது?

சுந்தர்

அன்புள்ள சுந்தர்,

பிழை என்னுடையது. 2024 தேர்தல் நேரத்துப் படங்களைப் பார்த்த வேகத்தில் எழுதிவிட்டேன். வீட்டு முகப்புப் புல்வெளியில் ஒரு வெள்ளை அட்டை, அதன் நடுவே ஒரு நீல வட்டம். வேட்பாளர் பெயரோ கட்சிப் பெயரோ இல்லை, ஓர் எழுத்துகூட இல்லை. சிவப்பு குடியரசுக் கட்சியின் நிறம், நீலம் ஜனநாயகக் கட்சியின் நிறம்; சிவப்பு மாநிலத்துக்குள் ஒரு நீலப் புள்ளி என்பது அதன் பொருள். அழகான அட்டைதான், ஆனால் அது காட்டுவது ஒரு தொகுதியின் நிறத்தை; நான் அதை ஊரின் நிறமாக எடுத்துக்கொண்டேன்.

அதிபரைத் தீர்மானிக்கும் எலெக்டோரல் வாக்குகள் மாநிலவாரியாகப் பிரிக்கப்பட்டவை; நெப்ராஸ்காவுக்கு ஐந்து. பெரும்பாலான மாநிலங்களில் வென்றவர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட, இங்கும் மெய்ன் மாநிலத்திலும் மட்டும் இரண்டு வாக்குகள் மாநில அளவில் முந்தியவருக்கும், மீதி ஒவ்வொரு தொகுதியிலும் முந்தியவருக்கும் போகின்றன. ஒமாஹா அடங்கிய இரண்டாம் தொகுதி 2008இல் ஒபாமாவையும், 2012இல் ராம்னியையும், 2016இல் டிரம்பையும், 2020இல் பைடனையும், 2024இல் கமலா ஹாரிஸையும் தேர்ந்தது. எல்லைக்கோடும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒபாமா வென்ற பிறகு, 2011 மறுவரையறையில் விமானப்படைத் தளத்தை ஒட்டிய பெல்வியூ தொகுதிக்கு வெளியே போயிற்று. 2021இல் வயல்கள் சூழ்ந்த சாண்டர்ஸ் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) உள்ளே வந்தது.

நகரத்துக்குள்ளேயும் ஒரே ஊர் இல்லை என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். வடக்கே 24ஆம் தெருவைச் சுற்றிய கருப்பினத்தவர் பகுதி. மால்கம் எக்ஸ் 1925இல் பிறந்தது இந்த வடக்கு ஒமாஹாவில்தான். தெற்கே இறைச்சித் தொழிற்சாலைகளை நம்பி முன்பு செக், போலந்து நாட்டவரும் இப்போது மெக்சிகோ, குவாத்தமாலா நாட்டவரும் குடியேறிய தெருக்கள். 72ஆம் தெருவைத் தாண்டி மேற்கே போகப் போகப் புறநகர் வீடுகள், அவற்றோடு குடியரசுக் கட்சி வாக்குகள். அமெரிக்காவின் பல நகரங்களில் இந்தப் புறநகர்கள் தனித்தனி ஊராட்சிகளாகப் பிரிந்து நின்றுவிடும். ஒமாஹாவோ சட்டத்தின் துணையோடு அவற்றைத் தன்னோடு இணைத்துக்கொண்டே வளர்ந்த நகரம். எல்க்கார்ன் என்ற சிற்றூர் நீதிமன்றம் வரை போய்ப் போராடியும் 2007இல் ஒமாஹாவின் பகுதியாயிற்று. மேயரைத் தேர்ந்தெடுப்பதில் புறநகருக்கும் கை இருப்பதற்கு இந்த இணைப்புகள் ஒரு முக்கியக் காரணம்.

2020ஆம் ஆண்டின் கணக்கு இன்னும் சுவையானது. அதே நாள், அதே தொகுதி: பைடன் ஆறு சதவீதத்துக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார்; பிரதிநிதிகள் சபைக்குக் குடியரசுக் கட்சியின் டான் பேக்கன் நான்கு சதவீதத்துக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார். ஊரே மனம் மாறி மாறி வாக்களித்தது போலத் தோன்றும். உண்மையில் நூற்றில் ஐந்தாறு பேர் அதிபருக்கு ஒரு கட்சி, சபைக்கு இன்னொரு கட்சி என்று பிரித்துப் போட்டாலே இது நடந்துவிடும். மற்றவர்களில் பெரும்பாலோர் தம் கட்சியை விட்டு அசையாதவர்கள். ஒமாஹாவின் நிதானம் என்று பத்திரிகைகள் புகழ்வது இந்த மெல்லிய இழையைத்தான். பேக்கன் விமானப்படையில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது இப்படிப் பிரித்துப் போட்டவர்களை ஈர்த்திருக்கலாம் என்பது என் ஊகம்.

உள்ளூர்ப் பதவிகளில் கட்சிப் பிடி இன்னும் தளர்வு. மேயர் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. மாநிலச் சட்டமன்றமும் அப்படியே. மின் விநியோகம் முழுவதும் பொது உடைமையாக இருக்கும் ஒரே அமெரிக்க மாநிலம் நெப்ராஸ்கா. ஒமாஹா மின்வாரியத்தின் இயக்குநர்களையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சோஷலிசம் என்றாலே முகம் சுளிக்கிற மாநிலத்தில் இதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

நீங்கள் கிளம்பிய சில மாதங்களில், 2025 மே மாதம், மூன்று முறை மேயராக இருந்த ஜீன் ஸ்டாதெர்ட், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த, கவுண்டிப் பொருளாளரும் முன்னாள் காவல்துறை அதிகாரியுமான ஜான் யூவிங்கிடம் தோற்றார். கழிப்பறையை யார் பயன்படுத்தலாம் என்ற திருநர் சர்ச்சையை மேயர் தரப்பு கையிலெடுத்தபோது, சாலைக் குழிகளை மூடுவதே தன் வேலை என்று மறுதரப்பு பதில் சொன்னது. ஊர் நீலமாகிவிட்டதற்கு இதைச் சான்றாகக் காட்ட நான் துணிய மாட்டேன்; பன்னிரண்டு ஆண்டு ஆட்சியின் மீதான சலிப்புக்கும் அதில் பங்கு உண்டு.

மைக் மெக்டானல் பற்றி ஒரு வார்த்தை. தீயணைப்புத் தொழிற்சங்கத் தலைவராக இருந்து ஜனநாயகக் கட்சிக்காரராக மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானவர், 2024இல் குடியரசுக் கட்சிக்கு மாறினார். அந்த ஆண்டு செப்டம்பரில், ஐந்து வாக்குகளும் வென்றவருக்கே என்று சட்டத்தை மாற்ற அவரது புதிய கட்சி முயன்றபோது, 49 பேர் அவையில் 33 வாக்குகள் தேவைப்பட்டன. அவர் மறுத்தார், முயற்சி கைவிடப்பட்டது. மறு ஆண்டு அதே மேயர் தேர்தலில் நின்று முதல் சுற்றோடு வெளியேறினார்.

கட்டுரையில் அந்த வரியை ‘அதிபர் தேர்தலில் அண்மைக்காலமாக ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாயும் தொகுதி’ என்று மாற்றிவிட்டேன்.

அன்புடன்.