சித்தசுவாதீனம் – கடிதம்

வணக்கம். கொலை வழக்கில் சிக்கியவர்கள் பைத்தியம்போல நடித்து விசாரணையைத் தள்ளிப்போடுகிறார்களே, தப்பிக்க ஒரு டாக்டர் சான்றிதழ் போதுமா? நடிப்பைக் கண்டுபிடிக்க வழியில்லையா?
– ஒரு சட்ட மாணவர்

அன்புள்ள தம்பிக்கு,

தப்பிப்பதா? அசாமின் மச்சல் லாலுங் 1951இல் கைதானார். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் குணமாகிவிட்டார் என்று மருத்துவமனை எழுதிக்கொடுத்தது. சிறைக்கு மாற்றினார்கள், வழக்கு நடக்கவே இல்லை. 2005இல் ஒரு ரூபாய் பிணையில் வெளியே வந்தார். 54 ஆண்டுகள். சட்டம் படிக்கும் நீங்கள் இதைத் தெரிந்துகொண்டல்லவா எழுதியிருக்க வேண்டும்?

இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சம்பவத்தன்று புத்தி தெளிவாக இருந்ததா என்பது பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் சட்டம், 22ஆம் பிரிவு. இன்று தன் தரப்பைச் சொல்ல முடியுமா என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம், 367, 368ஆம் பிரிவுகள். முடியாது என்றால் அதனாலேயே விடுதலை ஆகிவிடாது, பெரும்பாலும் வழக்கு நிற்கும், அவ்வளவுதான். நடிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வார்டில் சில நாள் வைத்துத் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பேச்சையும் செவிலியர் குறித்துவந்தால் பெரும்பாலும் சாயம் வெளுத்துவிடும்.

என் கவலை, நடிக்கத் தெரியாமல் தலையாட்டுகிறவரைப் பற்றியது. 'ஜட்ஜ் யாரென்று தெரியுமா?' 'தெரியும்.' 'வக்கீல் சொல்வது புரிகிறதா?' 'புரியுதுங்க.' அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார். சான்றிதழில் 'விசாரணைக்குத் தகுதியானவர்' என்று ஒரே வரி விழும். ஆமாம்-இல்லை கேள்வியே கூடாது. 'உங்கள்மேல் என்ன கேஸ்? நீங்களே சொல்லுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உங்களுக்கு உதவி செய்வாரா? சாட்சி பொய் சொன்னால் என்ன செய்வீர்கள்?' இப்படிக் கேட்க வேண்டும், அவர் வீட்டில் பேசும் பேச்சிலேயே. தெரியாததை எளிமையாகச் சொல்லிக்கொடுத்து, மறுநாள் திரும்பக் கேட்க வேண்டும். நினைவில் நிற்கிறதா என்பதுதான் பரிசோதனை. நோயின் பெயரோ ஐக்யூ எண்ணோ இதற்குப் பதிலாகாது. மனச்சிதைவு இருந்தும் வக்கீலுக்குத் தெளிவாக விவரம் சொல்பவர்கள் உண்டு.

மருந்தையும் பார்க்க வேண்டும். தூக்க மருந்து கொடுத்த மயக்கத்தில் பரிசோதித்தால் தகுதியற்றவர்போலத் தெரிவார். மருத்துவமனையில் தேறியவருக்குச் சிறைக்குத் திரும்பியதும் மருந்து நின்றுபோனால், வாய்தாவுக்குள் பழையபடி ஆகிவிடுவார். அறிக்கையில் மருந்தும் அளவும் வேண்டும். மறுபரிசோதனைத் தேதியும் வேண்டும். நாளை வக்கீலாகி இப்படி ஒரு வழக்குக் கட்டு உங்கள் கைக்கு வந்தால் முதலில் அந்தத் தேதியைத் தேடுங்கள். இல்லையென்றால் மறுபரிசோதனை கேட்டு அன்றைக்கே மனுப்போடுங்கள்.