வானத்தில் மட்டும் தெரியும் சாம்பல் புள்ளிகள்

கேள்வி: சேலத்தில் கல்யாண ஃபோட்டோ எடுக்கிறேன். ஏற்காடு பகோடா பாயின்ட்டில் எடுத்த படங்களில், வானத்தில் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளிகள் விழுகின்றன. மண்டபத்தில் எடுத்ததில் இல்லை. லென்ஸை மாற்றியும் போகவில்லை. துடைக்கும் ஸ்வாப் குச்சி வாங்கித் துடைத்துவிடலாமா?

பதில்: லென்ஸை மாற்றியும் புள்ளி நகரவில்லை என்றால் தூசி சென்சாரில்தான் (கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லு), சரியாகச் சொன்னால் அதை மூடியிருக்கும் ஃபில்டர் கண்ணாடியில். மண்டபத்தில் லென்ஸ் துவாரத்தை அகலத் திறந்து எஃப்/2.8 வைத்திருப்பீர்கள். ஒளி அகலமாக வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். மலைக்காட்சிக்குத் துவாரத்தைச் சுருக்கி எஃப்/16 வைத்ததும் ஒளி குறுகி, நிழல் அழுத்தமாக விழுகிறது.

ஸ்வாப் இப்போதைக்கு வேண்டாம். வெள்ளைக்கல் சுரங்கமும் கல் உடைக்கும் கிரஷரும் உள்ள ஊர் இது. ஊதி எடுக்காமல் துடைத்தால், ஒரு மணல் துகள் போதும், கண்ணாடியில் கோடு இழுத்துவிடும்.

முதலில் சோதனைப் படம். எஃப்/22, ஐஎஸ்ஓ 100, மேனுவல் ஃபோகஸ். வெள்ளைச் சுவரை வேண்டுமென்றே மங்கலாக எடுங்கள்; கை ஆடினாலும் பரவாயில்லை, தூசி ஆடாது. லென்ஸ் மாட்டும் மவுன்ட் வழியாக எதிரில் இருந்து பார்க்கும்போது மேல் கீழ் மட்டும் தலைகீழ்: படத்தின் மேல் இடது மூலைப் புள்ளி, சென்சாரில் கீழ் இடது மூலையில் இருக்கும்.

மின்விசிறியை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். டிஎஸ்எல்ஆர் என்றால் மெனுவில் உள்ள சென்சார் கிளீனிங் வழியாகவே சென்சாருக்கு முன்னால் இருக்கும் மிரரைத் தூக்குங்கள். பட்டனை அழுத்தியிருக்கும்வரை மட்டும் திறந்திருக்கும் பல்ப் மோடில் விரல் நழுவினால் ஷட்டர் மூடிக்கொள்ளும். மிரர்லெஸ்ஸில் ஷட்டர் திரை மூடியிருந்தால் அதன்மேல் ஊதவே கூடாது. கேமராவின் வாய் தரையைப் பார்க்க, ரப்பர் ப்ளோயரால் பத்துப் பதினைந்து முறை ஊதுங்கள். முனை மவுன்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டாம். புது ப்ளோயருக்குள் பவுடர் இருக்கலாம். முதலில் வெளியே நாலு முறை அமுக்கிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஸ்ப்ரே டப்பாக் காற்றோ உள்ளிருக்கும் திரவத்தையே துப்பிவிடும்.

மறுபடி சோதனைப் படம். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். ஒட்டிய மகரந்தமோ எண்ணெய்ப் புள்ளியோ மிஞ்சினால்தான் ஸ்வாப்: சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ., பெரிய ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ. அகலம். சென்சாருக்கென்றே விற்கும் திரவம் இரண்டே சொட்டு. நாலு விட்டால் ஓரத்தில் கறை தங்கும். ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு, ஸ்வாபைத் திருப்பி மறுபக்கத்தால் திரும்ப ஓர் இழுப்பு, பிறகு குப்பையில் போடுங்கள். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று அதையே மறுமுறை எடுத்தால், கழிவைத் திரும்பப் பூசுகிறீர்கள். கை ஆட்டத்தை ஈடுகட்டச் சென்சாரே அசையும் ஸ்டெபிலைசேஷன் பாடியில் எடையே இல்லாததுபோல் கை இருக்கட்டும்.

இதற்குப் பிறகும் எஃப்/22இல் மட்டும் ஓரத்தில் ஒன்றிரண்டு தெரிந்தால் விட்டுவிடுங்கள். கல்யாண ஆல்பத்தில் எஃப்/22 எங்கே வரப்போகிறது? ஏற்காட்டில் லென்ஸ் மாற்றும்போது மட்டும் காருக்குள் உட்கார்ந்து, ஏசி காற்றை நிறுத்தி, பாடியைக் கவிழ்த்துப் பிடித்து மாற்றுங்கள்.